குப்பனூர் வாத்தியாரும் ஆறு அங்குலக் கண்ணாடியும்

ஏற்காட்டுக்கு வழி எது என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் கோரிமேட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதைதான் பிரசித்தமானது. ஆனால் மலைக்கு இன்னொரு வாசலும் உண்டு. அது கீழ்த்திசை வாசல். அயோத்தியாபட்டணத்தைத் தாண்டி அரூர் சாலையில் சென்றால் குப்பனூர் என்னும் கிராமம் வரும். அங்கிருந்து ஒரு பாதை இடப்புறம் பிரிந்து, கொட்டச்சேடு வழியாக மலையேறுகிறது. மழைக்காலத்தில் பெரிய பாதையில் மண் சரிந்தாலோ, பாறை உருண்டாலோ, போலீஸார் வண்டிகளையெல்லாம் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். அப்போது இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் இரண்டு நாள் அடிபடும். பிறகு அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஊரும் அதைப்பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

ஊருக்கு மேற்கே சேர்வராயன் மலை ஒரு பெரிய மதிலைப் போல் நிற்கிறது. ஆகையால் குப்பனூரில் சூரியன், சமவெளியில் அஸ்தமிப்பதற்கு வெகு முன்னதாகவே மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அடிவாரத்தில் புளியும் தென்னையும் மரவள்ளிக் கொல்லைகளும். மேலே போகப் போக மூங்கில். அதற்கும் மேலே சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பித் தோட்டங்கள், மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் என்பார்கள். அவருக்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இங்கே குடியேறி, தினையும் சாமையும் விதைத்துப் பிழைத்துவந்தவர்கள் மலையாளி மக்கள். பெயரைத் தவிர அவர்களுக்கும் கேரள தேசத்தாருக்கும் சம்பந்தம் இல்லை. அவர்களுடைய தெய்வமாகிய சேர்வராயன் குடிகொண்டிருக்கும் உச்சி 5,300 அடிக்கு மேல் உயரம்.

ஏரியையும், லேடீஸ் சீட் என்ற பாறையையும், பகோடா முனையையும் வர்ணித்து ஏற்கெனவே எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. நான் குப்பனூருக்குப் போனது வேறு காரியமாக. அங்கே பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. இந்தக் காலத்துப் பாடப் புத்தகங்களில் அதைத் தொலைநோக்கி என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அது கடையில் வாங்கிய தொலைநோக்கி அல்ல. பதினைந்து வருஷத்துக்கு முன்பு, விடுமுறையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், ஆறு அங்குல வட்டக் கண்ணாடித் துண்டை அவரே தேய்த்துச் செய்தது. இரண்டு கண்ணாடி வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்து தேய்க்க வேண்டும். மேல் வட்டம் குழியும். கீழ் வட்டம் உப்பும். பிறகு கீல் பூசிய தட்டின்மேல் சீரியம் ஆக்ஸைடால் மெருகு ஏற்ற வேண்டும். குழிவின் வடிவம் ஒரு மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. கடைசியில் வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து அலுமினியப் பூச்சுப் போட்டால் கண்ணாடி தயார். ஊர்த் தச்சர் ஒருவர் மரப் பெட்டி செய்து கொடுத்தார். இந்தியக் கிராமத்து வாத்தியார் ஒருவர் தம் கையால் செய்த கண்ணாடியில் சனிக்கிரகத்தின் வளையம் தெரிகிறதென்றால், அதில் கொஞ்சம் கர்வப்படத்தான் வேண்டும். அவர் படுகிறாரோ இல்லையோ, நான் படுகிறேன்.

சங்கடம் இதுதான். வருஷக் கணக்காகச் சேர்த்த பணம் கொஞ்சம் அவர் கையில் இருந்தது. அதைக் கொண்டு பத்து அங்குலக் கண்ணாடி உள்ள பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கலாம். அல்லது இருக்கிற தொலைநோக்கிக்கே உயர்ந்த ரகமான கண்ணருகு வில்லைகள் வாங்கலாம். இரண்டும் வாங்கப் பணம் போதாது. இன்னொரு முறை சேர்ப்பதற்கு அவருக்கு வேலையில் வருஷம் மிச்சமில்லை. கண்ணருகு வில்லை என்பது தொலைநோக்கியில் நாம் கண்ணை வைக்கும் முனையிலுள்ள சிறு குழாய். பையன்கள் அதை 'ஐபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பெரிய கண்ணாடி வானத்திலிருந்து வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்து ஒரு சிறு பிம்பமாக வைக்கிறது. அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டுவது ஐபீஸின் வேலை. ஒன்று வாரி எடுப்பது, மற்றது பரிமாறுவது.

நான் போய்ச் சேர்ந்தது சித்திரை மாதப் பிறப்பன்று. அமாவாசை நெருங்கியிருந்த சமயம். அந்த இரவுக்கு ஒரு விசேஷம் உண்டு. சித்திரைப் பிறப்பையொட்டி, நள்ளிரவு சுமாருக்கு, வட திசையில் சப்தரிஷி மண்டலத்து வசிஷ்டரும் அருந்ததியும் உச்சி ரேகையில் நிற்பார்கள். ஏறக்குறைய அதே நிமிஷத்தில் தென் திசையில், அடிவானத்திலிருந்து முப்பது டிகிரி உயரத்தில், ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரத் திரளும் அதே ரேகைக்கு வரும். லண்டனிலோ பாரிஸிலோ உள்ளவர்களுக்கு இந்தத் திரள் தலைகாட்டுவதே இல்லை. நமக்கோ வெறுங் கண்ணாலேயே ஒரு பஞ்சுப் புள்ளி போலத் தெரியும். சுமார் 17,000 ஒளி வருஷத் தூரத்தில், ஒரு கோடி சூரியர்கள் ஒன்றாகக் குவிந்த பந்து அது. இந்த ஒரு விஷயத்திலாவது விதி நம்மிடம் தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது.

முன்னிரவில் பார்க்க ஒன்றும் சரிப்படவில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. நட்சத்திரங்கள் கொதிக்கும் எண்ணெயில் இட்டவை போலத் துள்ளின. தென்மேற்கே சேலத்தின் வெளிச்சம் வானத்தில் பாதி எட்டும்வரை மஞ்சளாகப் படர்ந்திருந்தது. பதினொரு மணிக்கு மேல் காற்று அடங்கியது. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு டஜன் பிள்ளைகளும், எதிர் வீட்டுப் பாட்டி ஒருத்தியும் கூடியிருந்தார்கள். சேலத்து நண்பர் ஒருவரிடமிருந்து இரண்டு உயர்ந்த ஐபீஸ்களை இரவல் வாங்கி நான் கொண்டுபோயிருந்தேன். சோதனை ஆரம்பமாயிற்று.

முதலில் ஆசிரியரின் பழைய 20 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு வசிஷ்டரைப் பிடித்தோம். தொலைநோக்கியின் குவியத் தூரம் 1,200 மில்லிமீட்டர். அதை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். இங்கே 60 மடங்கு. பிள்ளைகள் வரிசையாகப் பார்த்தார்கள். பாட்டியின் முறை வந்தது.

"ஆயா, கண்ணைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க" என்றார் ஆசிரியர்.

"வந்துட்டேன் தம்பி. ஒண்ணும் காணலையே. என் இமை மயிருதான் தெரியுது."

அந்த ஐபீஸின் துவாரம் மிகச் சிறியது. விழியை அதன்மேல் ஒட்ட வைத்தால்தான் பிம்பம் தெரியும். பாட்டி தடித்த மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லலாம். வெறும் கிட்டப் பார்வை, தூரப் பார்வை என்றால் தொலைநோக்கியின் குமிழைத் திருகியே சரிப்படுத்திவிடலாம். ஆனால் கருவிழியின் வளைவிலேயே கோணல் உள்ளவர்களுக்கு அது பலிக்காது. பாட்டிக்கும் பலிக்கவில்லை. இரவல் ஐபீஸ் ஒன்றை மாட்டினோம். 24 மில்லிமீட்டர், 50 மடங்கு. அதில் கண்ணை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரியும். பாட்டி மூக்குக் கண்ணாடியோடேயே குனிந்தாள்.

"அட சாமி! மூணு இருக்குதே!"

வெறுங் கண்ணுக்கு வசிஷ்டர் ஒன்று, அருந்ததி ஒன்று, ஆக இரண்டு. தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பியர் அறிந்த சங்கதி இது.

"என் கல்யாணத்திலே அருந்ததியைப் பாருன்னு சொன்னாங்க. பட்டப் பகல். பார்த்தேன்னு தலையை ஆட்டி வெச்சேன். இப்பத்தான் பார்க்கிறேன் தம்பி" என்றாள் பாட்டி. பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. வெகுநேரம் குனிந்த தலையை நிமிர்த்தவுமில்லை.

அடுத்தது கன்னி ராசியிலுள்ள போரிமா என்னும் இரட்டை நட்சத்திரம். ஒன்றையொன்று 169 வருஷத்துக்கு ஒரு முறை சுற்றிவரும் இரண்டு சூரியர்கள். 2005-ஆம் ஆண்டில் மிகவும் நெருங்கியிருந்த இவர்கள், இப்போது விலகி, மூன்றரை விகலை அளவு பிரிந்திருக்கிறார்கள். ஆறு அங்குலக் கண்ணாடிக்கு இது சுலபமான பரீட்சை. பழைய 6 மில்லிமீட்டர் ஐபீஸில் 200 மடங்கு பெருக்கிப் பார்த்தபோது, ஊதாவும் மஞ்சளுமாக ஒரு நீண்ட கறைதான் தெரிந்தது. இரவல் 8 மில்லிமீட்டரில் 150 மடங்குதான். ஆனாலும் கார்த்திகை விளக்குகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல் சுத்தமாகப் பிரிந்தன. குறைந்த உருப்பெருக்கத்தில் அதிகம் தெரிந்தது என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். மறுபடி மறுபடி மாற்றிப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. சந்தையில் விற்கும் மலிவுத் தொலைநோக்கிப் பெட்டிகளின் மேல் '675 மடங்கு', '900 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறும் பெற்றோர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும். அங்குலத்துக்கு ஐம்பது மடங்கு என்பதே உச்ச வரம்பு. அதுவும் காற்று முழுதும் அடங்கிய இரவில்தான்.

அதுவரை ஐபீஸ் பக்கமே ஜயம். பிறகு குழாயைத் தெற்கே திருப்பினோம்.

ஒமேகா சென்டாரி வட்டம் முழுவதும் நிறைந்து தெரிந்தது. ஓரங்களில் மணல் மணலாக நட்சத்திரங்கள். நடுவில் பால் வார்த்தாற்போல் ஒரு மூட்டம். நல்ல ஐபீஸில் ஓரத்து நட்சத்திரங்கள் கூர்மையாக இருந்தன. வட்டமும் அகலமாக இருந்தது. ஆனால் நடுவிலிருந்த மூட்டம் மூட்டமாகவேதான் இருந்தது. ஐபீஸை எத்தனை மாற்றினாலும் அது உதிரவில்லை.

"பார்த்தீர்களா?" என்றார் ஆசிரியர் தாழ்ந்த குரலில். "இதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை எந்த வில்லையும் உண்டாக்கித் தராது. பத்து அங்குலம் இருந்தால் இந்தப் பால் அத்தனையும் மணலாக உதிரும்."

அவர் சொன்னது சரி. வெளிச்சம் கண்ணாடியின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறுக்கு முப்பத்தாறு, பத்துக்கு நூறு. ஏறக்குறைய 2.8 மடங்கு. நட்சத்திரப் பிரகாசத்தின் தரக் கணக்கில் சொன்னால் 1.1 படி அதிகம். இந்தத் தரக் கணக்கைத் திட்டமாக வகுத்தவர் போக்சன் என்னும் ஆங்கிலேயர். 1856-இல் அதை வகுத்தார். 1861-இல் சென்னை நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக வந்தார். வந்த அதே வருஷத்தில் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம்மவர் 1867-இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு நட்சத்திரத்தின் பிரகாசம் மாறுவதைக் கண்டறிந்ததும் இதே நிலையத்தில்தான். அந்தப் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடப் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

போக்சனுக்கும் நம் ஆசிரியருக்கு வந்த ஆசையே வந்தது. தென்னாட்டு மலை ஒன்றின்மேல் இருபது அங்குலத் தொலைநோக்கி வைக்க வேண்டும் என்று 1882-இல் சர்க்காருக்கு எழுதினார். பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்தார்கள். கடைசியில் 1899-இல் கோடைக்கானலில் நிலையம் எழும்பியது. ஆனால் அது சூரியனை ஆராய்வதற்கான நிலையம். போக்சன் 1891-லேயே காலமாகிவிட்டார். கேட்ட இருபது அங்குலம் அவர் கண்ணில் படவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். பவநகர் மகாராஜாவின் உதவியால் புனாவில் அமைந்திருந்த இருபது அங்குலத் தொலைநோக்கி ஒன்று, அந்த நிலையத்தை மூடியதும், 1912-இல் கோடைக்கானலுக்கே வந்து சேர்ந்தது. வந்தது நிறுவப்படாமலே நெடுங்காலம் கிடந்து, 1951-இல்தான் வேலைக்கு வந்தது. அதே கோடைக்கானலில், 1850-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பழைய ஆறு அங்குல வில்லையைச் செப்பனிட்டு, புதிய இயந்திர அமைப்பில் பொருத்தினார்கள். சூரியனின் களங்கங்களைப் பல பத்து ஆண்டுகள் படம் பிடித்துச் சேர்த்து வைத்தது அந்தப் பழைய ஆறு அங்குலம்தான். இன்று உலகத்துச் சூரிய விஞ்ஞானிகள் நாடி வருவது அந்தப் படங்களை. எவர்ஷெட் என்பவர் 1909 ஜனவரியில் சூரிய களங்கத்தில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும், குழாயின் பருமனால் அன்று; ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவியை அவர் தம் கையாலேயே பண்படுத்திக்கொண்டதால்.

மறுநாள் காலையில் இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். "எல்லாம் சூரியன் கதை. சூரியனிடம் வெளிச்சத்துக்குப் பஞ்சமா?" என்றார் ஆசிரியர். அதுவும் நியாயந்தான். அவருடைய மோட்டார் சைக்கிளில் இருவருமாகக் கொட்டச்சேட்டுப் பாதையில் ஏற்காட்டுக்குப் போனோம். பாதை குறுகலானது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். காப்பிப் பூ உதிர்ந்த பிறகும் அதன் வாசனை எங்கோ ஒரு மூலையில் தங்கியிருந்தது. தொலைநோக்கியை ஊரில் வைத்திருப்பதைவிட மலைமேல் கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன். ஆறு அங்குலமானால் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோகலாம். பத்து அங்குலத்துக்கு மோட்டார் வண்டியும் இரண்டு ஆளும் வேண்டும் என்றார். அப்படியே கொண்டுபோனாலும் மூடுபனி வந்து மூடிக்கொள்ளும். உயரம் மட்டும் போதாது என்பதற்கு அவர் காட்டிய சாட்சி காவலூர்.

குப்பனூரில் மலைப் பாதையைப் பிடிக்காமல் நேரே போனால், மஞ்சவாடிக் கணவாய் கடந்து, அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக வாணியம்பாடி வரை நெடுஞ்சாலை போகிறது. அந்த வட்டாரத்தில் ஆலங்காயத்துக்கு அப்பால், ஜவ்வாது மலைக் காட்டினுள் இருக்கிறது காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர்தான். ஏற்காட்டின் உயரத்தில் பாதி. 1960-களில் வேணு பாப்பு அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். சுற்றிலும் காடு, பக்கத்தில் பட்டணம் கிடையாது, தென் வானம் முழுதும் தெரியும். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்தார். 1972-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் வந்தது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் ஒளி விட்டு விட்டு மங்கியதைப் பதிவு செய்து, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று காட்டிய இடங்களில் காவலூரும் ஒன்று. வளையங்களை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. தொலைநோக்கியின் முனையில் பொருத்திய ஒளிமானி பார்த்தது. அதற்குப் பிறகு 2.34 மீட்டர் கண்ணாடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து, 1986 ஜனவரியில் நிறுவினார்கள். ஆசிரியர் ஆறு அங்குலம் தேய்த்தார் என்றால் அவர்கள் தொண்ணூற்றிரண்டு அங்குலம் தேய்த்தார்கள், வித்தை ஒன்றுதான். பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1982-இல் மறைந்துவிட்டார்.

காவலூரைச் சொல்லும்போது இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். வங்காளத்தில் ஜெஸ்ஸோரைச் சேர்ந்த ராதாகோவிந்த சந்திரர். பிரவேசப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தேறாமல், கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் சிறிய உத்தியோகத்தில் அமர்ந்தவர். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரத்தைச் சிறு கண்ணாடி ஒன்றால் பார்த்ததிலிருந்து பித்துப் பிடித்துக்கொண்டது. 1912-இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி வரவழைத்தார். ஒளி மாறும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு, அந்த மதிப்புகளை அமெரிக்காவிலுள்ள சங்கத்துக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். பதினான்கு வருஷம் மூன்றே அங்குலம். அவருடைய உழைப்பைக் கண்டு வியந்த அந்தச் சங்கத்தார் 1926-இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடலைத் தாண்டி அவருக்கு அனுப்பி வைத்தார்கள். 1954 வரையில் அவர் செய்த மதிப்பீடுகள் 37,000-க்கு மேல். கண் தளர்ந்ததும் அந்தத் தொலைநோக்கியை அவர் பாப்புவிடம் ஒப்படைத்தார். நைனிதாலுக்குப் போய், பிறகு காவலூருக்கே வந்து சேர்ந்தது அது.

இதை நான் சொன்னது பெரிய கண்ணாடிக்கு ஆதரவாகத்தான். மங்கிய நட்சத்திரத்தைத் தொடர்ந்து கவனிப்பவனுக்கு அங்குலம்தான் ஆஸ்தி. மூன்றிலிருந்து ஆறுக்குப் போனபோது சந்திரருக்கு எட்டிய நட்சத்திரங்கள் எத்தனை அதிகரித்திருக்கும்! "வாங்குங்கள் பத்து அங்குலத்தை" என்றேன். ஒமேகா சென்டாரியின் நடு மூட்டம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

லேடீஸ் சீட் பாறையில் உட்கார்ந்திருந்தோம். இருட்டியதும் கீழே சேலம் பட்டணம் நெருப்புக் கொட்டினாற்போல் ஜ்வலித்தது. யாத்திரிகர்கள் "ஆகா" என்றார்கள். ஆசிரியர் மட்டும் பெருமூச்சு விட்டார். அவர் மனத்தில் ஓடியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். மங்கிய நெபுலாக்களைப் பார்க்கப் பெரிய கண்ணாடி வைத்தால், அது நெபுலாவின் ஒளியோடு கீழே எரியும் இந்த வெளிச்சத்தையும் அதே விகிதத்தில் வாரிக்கொண்டு வரும். பத்து அங்குலக் குழாயைக் கையாளத்தக்க நீளத்துக்குள் அடக்க வேண்டுமானால் குவியத் தூரத்தைக் குறைக்க வேண்டும். அவருடைய ஆறு அங்குலத்தில் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு குவியத் தூரம். கடையில் கிடைக்கும் பத்து அங்குலத்தில் ஐந்து மடங்குதான். ஒளி அவ்வளவு சரிவாகக் குவியும்போது மலிவான ஐபீஸின் குற்றங்கள் இரண்டு பங்காகத் தெரியும். ஓரத்திலுள்ள நட்சத்திரங்கள் எல்லாம் சிறகு முளைத்துப் பறக்கும். ஆக, பெரிய தொலைநோக்கி வாங்கினவன் அடுத்த மாதமே நல்ல ஐபீஸும் வாங்கியாக வேண்டும். அதற்குப் பணம் எங்கே?

இவ்வளவும் யுக்தி. கடைசியாக அவர் சொன்னது யுக்தியில் சேராது.

"பிள்ளைகளுக்குக் கண் நல்ல கண். எந்தத் துவாரத்திலும் பார்த்துவிடுவார்கள். அந்த ஆயாவைப் போல எங்கள் தெருவில் முப்பது பேர் இருக்கிறார்கள். பதினைந்து வருஷமாக என் தொலைநோக்கியில் குனிந்து பார்த்து, ஒன்றும் தெரியாமல், 'நல்லாயிருக்குது தம்பி' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இருந்தாலும் என் அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொண்டுவிடவில்லை. தனியாக ஒருவன், இருண்ட வானத்தின் கீழ், தன் ஒருவன் கண்ணுக்காகப் பார்ப்பதானால் பத்து அங்குலமே வாங்க வேண்டும். ஐபீஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வியன்னாவில் பிலோஸல் என்பவர் 1860-லேயே வகுத்த நான்கு வில்லை அமைப்பை இன்றைக்கும் சகாய விலைக்கு வாங்கலாம். அது ஒன்றும் மட்டமில்லை. 1980-ஐயொட்டி அமெரிக்காவில் நாக்லர் கொண்டுவந்த அகலப் பார்வை ஐபீஸ்களைக் கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்கிறது. விலை அதைவிடக் கனம். ஒரு தொலைநோக்கியின் விலைக்கு ஓர் ஐபீஸ் வாங்குவது, மாட்டைவிடக் கழுத்து மணி அதிக விலை என்பது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியரிடம் சொன்னேன். "மணி நம்மிடமே இருக்கும். மாட்டை மாற்றினாலும் அடுத்த மாட்டுக்குக் கட்டலாம்" என்றார்.

ஆடி மாதத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு ஐபீஸ்கள் வாங்கிவிட்டாராம். இரண்டும் மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் பார்க்கத்தக்கவை. நாக்லர் அல்ல, நடுத்தர விலை. பிறகு ஒரு நாள் வெயிலில் குழாயைத் திறந்து தம் பழைய கண்ணாடியைப் பரிசோதித்ததில், அலுமினியப் பூச்சு பல இடங்களில் மங்கி, பொத்தல் விழுந்திருப்பது தெரிந்திருக்கிறது. ஆறு அங்குலம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது, வெளிச்சக் கணக்கில், இத்தனை நாளாக ஐந்து அங்குலம்தான் வேலை செய்திருக்கும் போலும். மிச்சப் பணத்தில் மறுபூச்சுக்காகக் கண்ணாடியை அனுப்பியிருக்கிறார். தேய்த்த நாளிலிருந்து அது ஊரைவிட்டு வெளியே போவது இதுவே முதல் தடவை என்று எழுதியிருந்தார். பஞ்சும் பழைய வேட்டியும் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, அதற்கும் மேல் தம் மனைவி ஒரு கண்ணேறு கயிறும் கட்டி அனுப்பினாள் என்றும் ஒரு வரி.

வெறுங் குழாய் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நிற்கிறதாம். பிள்ளைகள் புதிய ஐபீஸ்களைக் கையில் வாங்கி, சட்டைப் பொத்தானையும் எறும்பையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படியும் ஐப்பசி, கார்த்திகை மழை விடும்வரை குப்பனூரில் வானம் பார்க்க முடியாது. மார்கழியில் சப்தரிஷி மண்டலத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். தன்னை எழுப்பும்படி பாட்டி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாளாம்.